ஒரே ஓர் இழை போதும், உண்மை வெளிவந்துவிடும்! தெரியுமா?

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் சந்நிதியில் கல்யாணமா? முகூர்த்தப் புடவை எடுக்கப் பக்கத்துக் காஞ்சிபுரத்துக்குத்தானே போவீர்கள்! அந்தப் பட்டும், வழியில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் ஒரே குடும்பம். இரண்டுமே பாலிமர், சின்னஞ்சிறு மூலக்கூறுகள் மல்லிகைச் சரம்போலத் தொடுத்துக்கொண்ட நெடுஞ்சங்கிலிகள். எந்தச் சங்கிலி எது என்று கண்டுபிடிக்கும் வித்தைகளைக் கேளுங்கள்!

நெருப்பு சாட்சி சொல்லும், தெரியுமா?
புடவை ஓரத்தில் பிரிந்த இழையைக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. முடியும் பட்டும் புரதமாயிற்றே! உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் பாலியெஸ்டர். காகிதம் எரிகிற வாசனையா? ரேயான்!

பாலியெஸ்டர் புடவையும் தண்ணீர் பாட்டிலும் ஒரே சரக்கு, தெரியுமா?
இரண்டும் 'பெட்' பாலிமர்தான்! பாட்டிலை நறுக்கித் தண்ணீரில் போடுங்கள்: பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, மூடி செய்கிற பாலிபுரொப்பிலீன் 1-க்கும் கீழே. மறுசுழற்சியில் இரண்டையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

பட்டு உருகவே உருகாது, தெரியுமா?
வெப்பப் பகுப்பாய்வுக் கருவிக்குச் சில மில்லிகிராம் போதும். நைலான்-6 சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகும். பாலியெஸ்டர் சுமார் 260-இல். பட்டோ உருகாமல் கருகிச் சிதையும்!

பெரியது முந்தும், தெரியுமா?
சங்கிலியின் நீளத்தை அளக்க, பாலிமர் கரைசலை நுண்துளை மணிகள் நிரம்பிய குழாயில் விடுவார்கள். தேர் சந்தில் நுழையுமா? நேரே வீதியில் போய்விடும். பிள்ளைகள் சந்துபொந்தெல்லாம் புகுந்து தாமதமாக வருவார்கள். அப்படியே நீளச் சங்கிலி முதலில், குட்டைச் சங்கிலி கடைசியில்!

இந்தக் கலையில் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு, தெரியுமா?
திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல், இன்று பாலிமரின் கைரேகையையே காட்டித் தருகிறது. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ச் சோதனையின் துணையோடு, நம் தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு என்று உலகுக்குச் சொன்னார்கள்!

அடுத்த முறை பட்டு எடுக்கும்போது 'சில்க் மார்க்' முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகமா? ஓர் இழையை இடுக்கியில் பிடித்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்து, கொளுத்திப் பாருங்கள். தறியில் உட்கார்ந்து அசல் பட்டு நெய்கிறவரின் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை அது!