விளையாட்டும் விதியும் – 14: கிலோவுக்குக் காசு, நிலத்துக்குச் சம்பளம்

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளில் மூலக்கதைக்குப் புறம்பான சில்லறை வேலைகளை ‘சைட் குவெஸ்ட்’ என்பார்கள். அவற்றில் மிகப் பழகியது, ‘இன்ன பொருளைத் தேடிக் கொண்டுவா, கூலி தருகிறேன்’ என்பது. 2011இல் வந்த ஸ்கைரிமில் பரென்சியாவின் கற்கள் 24. 2017இல் வந்த செல்டாவில் கொரொக் விதைகள் 900. பையைப் பெருப்பிக்க 441 விதை போதும். மிச்சத்தையும் விடாமல் பொறுக்கி முடித்தவருக்குக் கிடைப்பதோ சாணத்தைப் போலிருக்கும் பொன்னிறப் பொருள் ஒன்று. அந்த நையாண்டிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: கூலியை எதிலே கட்டுகிறோமோ, தேடுகிறவரின் காலும் கையும் அதன் பின்னாலேயே போகும். இலங்கையின் வடக்கில் இதே கணக்கு இரண்டு விதமாக நடந்தது.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு முகாம்களிலிருந்து வன்னிக்குத் திரும்பியவர்களுக்கு வீட்டுக்குக் கூரை இல்லை, தோட்டம் பற்றை. கையில் உடனே காசு தந்தது பழைய இரும்பு. வியாபாரி தராசோடு வந்தார்; இரும்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு அதைவிடக் கூட. கூலி பாரத்தில் கட்டப்பட்டதால், வெடித்துச் சிதறிய துண்டைவிட வெடிக்காமல் முழுதாகக் கிடந்த செல்தான் ‘நல்ல பொருள்’ ஆனது. இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் கண்ணையும் உயிரையும் இழந்தவர்களை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆபத்தானதுக்கே அதிக விலை வைத்த தராசு அது.

முகமாலையில் வேறு முறை. பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தின் இந்த நிலம் 2000ஆம் ஆண்டிலிருந்து போரின் கடைசிக் கட்டம் வரை முன்னரங்கு. இரு தரப்பும் மிதிவெடி புதைத்தன. போருக்குப் பிறகு ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் இங்கே மிதிவெடி அகற்றும் வேலை செய்கின்றன. பணியாளர்களில் பெண்கள் பலர். மண்ணெல்லாம் இரும்புச் சிதறல் என்பதால் உலோகத்தைக் கண்டறியும் கருவி ஓயாமல் கத்தும் இடங்களில், வாரியால் மண்ணைப் படை படையாகச் சுரண்டி இறக்குகிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம். எடுத்த வெடிக்கு இவ்வளவு என்ற பேச்சே இல்லை. வேலையை அளப்பது சதுர மீற்றரில். நாள் முழுக்கச் சுரண்டி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அது முடிந்த வேலைதான். விண்டோஸோடு வந்த மைன்ஸ்வீப்பரும் அப்படித்தான். வெடிகளுக்கெல்லாம் கொடி நட்டு வெல்ல முடியாது. வெடியில்லாத கட்டங்கள் முழுவதையும் திறந்தால்தான் வெற்றி.

மாதச் சம்பளம் கைகளைச் சோம்பலாக்காதா என்று கேட்கலாம். துப்புரவான நிலத்தை வேறொருவர் மறுபடி சோதிப்பது அதற்காகத்தான். வெடிக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால் வெடி அடர்ந்த வரிசையிலே எல்லோரும் முண்டியடிப்பார்கள், ஒன்றிரண்டு மட்டும் ஒளிந்திருக்கும் ஓரம் கவனிப்பாரற்றுப் போகும். உயிர் போகாத விளையாட்டை இதோடு ஒப்பிடலாமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஒப்பிட்டால்தான் வித்தியாசத்தின் வேர் தெரிகிறது. விளையாட்டில் பொருளை ஒளித்தவரே எண்ணி வைத்திருப்பதால் 24ஆவது கல்லோடு தேடல் முடிகிறது. முகமாலையில் அந்த முழுக் கணக்கு ஒருவர் கையிலும் இல்லை. மொத்தம் தெரியாத இடத்தில், எடுத்ததை எண்ணி ‘முடிந்தது’ என்று சொல்ல வழியே கிடையாது. பார்த்த நிலத்தை மட்டுமே அளக்கலாம்.

ஆனாலும் எண்ணிக்கை பின்கதவால் வந்துவிடுகிறது. நிதி தருவோருக்குப் போகும் அறிக்கைகளிலும் செய்திகளிலும் முதலில் நிற்பது எத்தனை மிதிவெடி எடுத்தார்கள் என்ற இலக்கம்தான். தோண்டிப் பார்த்து ஒன்றுமே அகப்படாத ஒரு துண்டுக் காணியைப் படம் பிடித்து யாருக்குக் காட்டுவது? காணிக்காரருக்கோ அந்த இலக்கத்தால் ஒரு பயனும் இல்லை. பளைப் பக்கத்து மண்ணில் தென்னம்பிள்ளைக்குக் குழி வெட்டும்போது மண்வெட்டியைப் பயமில்லாமல் ஓங்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி.