கிரிப்பிரதட்சிணமும் முழங்கால் வலியும்

1896-ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்து, 1950-இல் மகாசமாதி அடையும்வரை அவ்வூரை விட்டு அகலாதிருந்த ரமண மகரிஷிக்கு, பிற்காலத்தில் முழங்கால் வாதம் இருந்தது என்பதும், அவர் கைத்தடி ஊன்றியே நடந்தார் என்பதும், தொண்டர்கள் அவர் கால்களுக்குத் தைலம் தேய்த்துப் பிடித்துவிடுவார்கள் என்பதும் ஆசிரமத்து அன்பர்கள் எழுதிவைத்த குறிப்புகளால் நாம் அறிகிற செய்திகள். ஞானியின் சரீரமும் சரீரந்தானே!

தைலமும் தடியும்

தைலம் தேய்ப்பதால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடாது. ஆயினும், இளஞ்சூடான எண்ணெயும் நிதானமாகப் பிடித்துவிடும் கையும் இறுகிய தசைகளை இளக்கிச் சிறிது நேரமேனும் வலியைத் தணிக்கின்றன. நொச்சித் தழையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பதும் அவ்வகையே. மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் கொதிக்கும் சமயத்தில் மாத்திரம் சூடு ஆகாது.

தடியைப் பற்றி ஒரு வார்த்தை: வலது முழங்கால் நோகுமானால் இடக்கையில் பிடிக்க வேண்டும். நம்மவரில் பலர் நோகிற பக்கத்திலேயே ஊன்றிக்கொண்டு, தடியால் பிரயோஜனம் இல்லை என்கிறார்கள்.

மலை சுற்றலாமா?

நடந்தால் மூட்டு மேலும் தேய்ந்துவிடும் என்று அஞ்சி உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தொடைத்தசை மெலிந்து, அது தாங்க வேண்டிய பாரமும் முழங்காலின் மேலேயே விழுகிறபடியால், அளவறிந்த நடையே அவர்களுக்கு உற்ற சிகிச்சை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி நெரிசலில் ஒரே மூச்சில் அதை முடித்தால்தான் புண்ணியம் என்பது வீம்பேயன்றிப் பக்தியன்று என்பது என் அபிப்பிராயம். நாள்தோறும் சிறு தூரம் நடந்து, நாற்காலியில் அமர்ந்தபடி காலை நீட்டிச் சில விநாடி நிறுத்தி இறக்கும் பயிற்சியையும் செய்துவந்தால் தொடை வலுப்படும். பருத்த உடம்பினர் ஒரு கிலோ இளைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது.

வீட்டோடு நிற்கலாகாத வலி

காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேலும் விரல்கள் மடங்காமல், இரு கைகளின் மூட்டுகளும் ஒருசேர வீங்கி, காய்ச்சலும் சோர்வும் தொடருமாயின், அது முடக்குவாதமாக இருக்கலாம். முடக்கத்தான் தோசையும் தைலமும் அதைத் தடுத்து நிறுத்தா. உரிய மருந்தின்றி விட்டால் மூட்டுகள் கோணிப்போகும். இரண்டே வேளையில் வலியைப் போக்கும் பெயரறியாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ஆகையால் அவற்றைத் தொடாதீர்கள். திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலந்தாழ்த்தாமல் அங்கே சென்று காட்டுங்கள்.