வேதாளத்துக்கு மீசை வரையலாமா?

வெளிநாடுகளில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். பேய் வேஷம் போட்டு, பேய்ப்படம் வரைந்து சிரிப்பார்கள்.

நம்மிடமும் பேய்ப்படம் உண்டு. 1947ல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா இதழில் ஓவியர் சங்கர் (1924-2020) வரைந்த படம் அது. விக்கிரமாதித்தன் கையில் வாள், தோளில் பிணம், அதற்குள் வேதாளம்! ஆனால் ராஜா பயப்படாமல் நடப்பார். வேதாளம் கதை சொல்லி, கேள்வி கேட்கும். தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தாலோ அது மறுபடி முருங்கை மரம் ஏறிடும்!

என் தம்பிக்கு இருட்டு என்றாலே அழுகை. அவனையே வேதாளம் வரையச் சொன்னேன். மீசை, கண்ணாடி எல்லாம் போட்டு, விழுந்து விழுந்து சிரிச்சான். இப்போ ராத்திரியில எனக்கே அவன்தான் துணை.

நீங்களும் உங்க பேயை வரைஞ்சு கொண்டு வாங்க. இங்கேயே ஒட்டுவோம்!