கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், சார்

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெங்களூரின் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளும் இதற்கு விலக்கில்லை. பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அனுமதியைக் கொடுக்கும் உரிமை பெற்றவருக்கே கிடையாது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. மீறும் ஆசிரியர்மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். "அப்பாவே அடிக்கச் சொன்னார்" என்றால் விட்டுவிடலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பிரம்படி மட்டும்தான் தண்டனை என்று நினைக்க வேண்டாம். முட்டி போட வைப்பது, வகுப்பே சிரிக்கும்படி பட்டப்பெயர் சொல்வது, கன்னடம் திக்குகிற பிள்ளையை அதைச் சொல்லியே குத்திக்காட்டுவது, இவையும் குழந்தையைக் காயப்படுத்துபவைதான். கடைசியில் சொன்னதற்குத் தழும்பு இருக்காது என்பதால் யாரும் புகார் செய்வதில்லை.

"டிசி கொடுத்து அனுப்பிடுவேன்" என்ற மிரட்டலும் அடிக்கடி காதில் விழுவது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் பகுதியில் பலரும் தேடிப்போவது கான்வென்ட் பள்ளிகளை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதனால் அங்கே அடிக்கலாம் என்று ஆகிவிடாது. தன் பொறுப்பில் உள்ள, 18 வயது நிரம்பாத குழந்தையைத் தாக்கித் தேவையற்ற துன்பத்துக்கு உள்ளாக்குபவருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவின்கீழ், 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. நல்லெண்ணத்தில் செய்த சிறு கண்டிப்பைக் குற்றமாகக் கொள்ளாத தீர்ப்புகளும் உண்டு. எனவே நடந்ததை மிகைப்படுத்தாமல் சொல்வதே பெற்றோருக்குப் பலம்.

வாத்தியார் பக்கமும் நியாயம் இருக்கிறது. நெரிசலான வகுப்பில் ஒருவன் விசிலடித்தால் பாடமே நின்றுவிடும். கையைக் கட்டிப்போட்ட சட்டம் மாற்றுவழி சொல்லித்தரவில்லை என்று அவர் அலுத்துக்கொள்வதில் பொய்யில்லை. ஆனாலும் இடம் மாற்றி உட்கார வைக்கலாம், வகுப்பு முடிந்தபின் தனியாக அழைத்துப் பேசலாம், பெற்றோரை வரவழைக்கலாம். இதில் எதையும் சட்டம் தடுக்கவில்லை. கூப்பிட்ட அன்றைக்கு வேலையைக் காரணம் காட்டிப் போகாமலிருப்பது நம் தவறு.

அடி விழுந்துவிட்டால் முதலில் பிள்ளையை டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். காயத்தைத் தேதியோடு படமெடுங்கள். பள்ளி வாசலில் கூச்சல் போட்டால் மறுநாள் வகுப்பில் உட்காரப்போவது பிள்ளைதான். தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அங்கே அசையாவிட்டால், கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும் பள்ளி என்றால், அதன் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். 3 மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் கர்நாடக மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். புகார் கன்னடத்தில் இருந்தால் வேலை சுருக்காக நடக்கும். எழுதத் தெரிந்த அக்கம்பக்கத்தாரின் உதவியைக் கேளுங்கள்.

அவசரமென்றால் 1098. பெரியவர்கள் மட்டுமல்ல, குழந்தையே கூப்பிடலாம், காசு கிடையாது. அந்த நான்கு எண்களை இன்றே உங்கள் பிள்ளையை மனப்பாடம் செய்ய வையுங்கள்.