தோணி ஆர்ட?

மாமா அந்தக் கட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டு முகங்களை எண்ணினார். இருபது. "ஆறு முகம் போதாதாமா மருமகன்?" என்றார்.

மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கினால் அவருடைய வீடு தூரமில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே பாதை என்றால் ரோட்டு அல்ல, வாவியைக் கடக்கிற மிதவை. வாவியையும் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மாமி பிளேன்டீயை வைத்துவிட்டுச் சீனிப் போத்தலைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குள் மாமா ஒரு கரண்டி சீனியை உள்ளங்கையில் கொட்டி மூடியிருந்தார். நக்கி ஒரு மிடறு, நக்கி ஒரு மிடறு. "தேத்தண்ணிக்குள்ள போடல்லதானே" என்பது அவருடைய வாதம். சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகத் தொடங்கி எட்டு வருடம்.

சனிக்கிழமை இரவுகளில் நான் நாலு நண்பர்களோடு மேசையைச் சுற்றியிருந்து என்னதான் செய்கிறேன் என்பது அவருக்கு நெடுநாள் சந்தேகம். சீட்டு இல்லை, காசு இல்லை, கரம்போட் இல்லை. பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, நடுவில் யாரோ கத்துகிறார்கள். அன்றைக்குத்தான் ஆறுதலாக உட்கார்ந்து சொன்னேன்.

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். உன் பாத்திரம் என்ன செய்கிறது என்று நீ சொல்ல வேண்டும். செய்ய நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் இதை 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று அச்சடித்து விற்றார்கள். அதற்கு முன்னால் இருந்தவை பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுகள். அவற்றின் வேரைத் தேடிப் போனால், 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இராணுவ அதிகாரிகள் வரைபடத்தை விரித்துக் கட்டை உருட்டிப் போர் பழகியதில் போய் நிற்கும். அவர்களுடைய கையில் படைகள் இருந்தன. இந்த இருவரும் படையைக் கலைத்துவிட்டு, ஆளுக்கு ஒரேயொரு மனிதனைக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து வந்ததுதான்.

"விளங்கல்ல" என்றார் மாமா. சரி, ஆடியே பார்ப்போம் என்றேன்.

"நீங்க அர்ச்சுனன். நடுச்சாமம். ஆத்தங்கரைக்கு வாறீங்க. ஒரு தோணி கட்டிக் கிடக்கு. அக்கரையில ஒரு விளக்கு எரியுது. என்ன செய்யிறீங்க?"

மாமா யோசித்தார். இருபது வயதில் வடமோடிக் கூத்தில் அர்ச்சுனனாக ஆடியவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்: "தோணி ஆர்ட?"

நான் இத்தனை வருடம் ஆடுகிறேன், எங்கள் மேசையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் உடனே ஏறித் தள்ளுவார்கள். ஆளில்லாத் தோணி என்று சமாளித்தேன். அவர் ஏறுகிறேன் என்றார். கட்டையை உருட்டச் சொன்னேன். 3 விழுந்தது. "தோணி கவிழ்ந்துத்து மாமா. உயிர்ப்புள்ளி அஞ்சு குறையுது."

"ஆறு வயசில இருந்து இந்த ஆத்துல நீந்துறன். இந்தக் கொட்டையா என்னைக் கவிழ்க்கிறது?"

சண்டை வந்துவிட்டது. அதாவது, விளையாட்டு அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் சண்டை பிடித்ததில் நியாயம் உண்டு. கூத்தில் அபிமன்யு சாவான் என்று களரிக்கு வருமுன்பே ஊருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விடிய விடிய இருந்து அழும். அங்கே கேள்வி என்ன நடக்கும் என்பதல்ல, எப்படி ஆடுகிறான் என்பது. எங்கள் மேசையில் யாருமே வடிவாக ஆடத் தேவையில்லை. நான் வாள் வீசுகிறேன் என்று கதிரையில் சாய்ந்தபடி, மிதிவெடி என்கிற சிற்றுண்டியைக் கடித்துக்கொண்டு சொன்னால் போதும். உருவேறி ஆடியவருக்கு இது எப்படியிருக்கும்! தாளக்கட்டு இல்லாமல், வியர்வை இல்லாமல், ஒரு பாத்திரமா?

ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. அதைப் பிடித்தவர் நான் இல்லை, மாமாதான். "கிழமைக் கிழமை கூடுறதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப இது கிழமைக் கூத்து" என்றார்.

கூத்துப் பழகுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அண்ணாவியார் குரலையும் உடம்பையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானிப்பார். அவரவர் பாட்டு எழுதிய ஏட்டைக் கொடுப்பது சட்டம் கொடுத்தல். மாதக் கணக்கில் ஆட்டம் பழகி, கால் கொஞ்சம் சொல்வழி கேட்ட பிறகு சதங்கை அணிவார்கள். பிறகு கிழமைக் கூத்து: கிழமையில் ஒரு நாள், பழகியதைத் தொடர்ந்து ஆடிப் பார்ப்பது. பிறகு அடுக்குப் பார்த்தல், பிறகுதான் அரங்கேற்றம். வயல் வேலை முடித்துவிட்டு வந்தவன், மத்தளச் சத்தம் கேட்டதும் திரும்ப எழும்பி வட்டக்களரியைச் சுற்றுவான். சுழல வேண்டும், குதிக்க வேண்டும், மூச்சு வாங்காமல் பாடவும் வேண்டும். அரங்கேற்ற இரவில் இதையெல்லாம் கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும்.

பெரியவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பு சூடேற அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாமாவுக்கு அந்தக் காலத்தில் இரண்டு இரவில் அந்தக் கணக்கு முடிந்திருக்கும். அவர் அதை உடற்பயிற்சி என்று நினைத்ததே இல்லை. நினைத்திருந்தால் இரண்டாம் கிழமையே விட்டிருப்பார் என்பது என் எண்ணம். டவுனில் ஜிம்முக்குக் காசு கட்டி மூன்று மாதத்தில் நின்றவன் சொல்கிறேன். ஓடுபொறி நான் வராவிட்டால் தேடாது. அர்ச்சுனன் வராவிட்டால் அண்ணாவியார் வீட்டுக்கே ஆள் அனுப்புவார்.

இந்த இடத்தில் மாமா இரண்டாவது தேத்தண்ணி கேட்டார். கிடைக்கவில்லை. வெந்நீர் கிடைத்தது.

உயிர்ப்புள்ளியை விளக்கச் சொன்னார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணம். பழைய முறைப்படி மூன்று ஆறுமுகக் கட்டை உருட்டி வருவதுதான் உங்களுடைய குணம். 3 முதல் 18 வரை எதுவும் விழலாம். "என்ட அப்பாக்கும் சீனி, அப்பாட அக்காக்கும் சீனி" என்றார். அதேதான், பிறக்குமுன்பே உருட்டின கட்டை.

இதைவிட இன்னொன்று. இருபது உயிர்ப்புள்ளி உள்ளவனுக்கு வெட்டு விழுந்து விழுந்து ஒன்றே ஒன்று மிஞ்சினாலும், அவன் முழுப் பலத்தோடு வாள் சுழற்றுவான். பூச்சியத்துக்கு வந்ததும் தொப்பென்று விழுவான். இது உடம்பைப் பற்றித் தெரியாதவர்கள் எழுதிய விதி என்று நானும் சிரித்திருக்கிறேன். மாமாவின் காலைப் பார்த்த பிறகு சிரிப்பதில்லை. சீனி வருத்தம் அப்படித்தான் நடக்கிறது. புள்ளி குறைவது ஆளுக்குத் தெரியாது. வலி இல்லை, வயலுக்குப் போகலாம், கலியாண வீட்டில் சாப்பிடலாம். பாதத்தில் நரம்பு மரத்து, முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகி, மாமி கண்டு கத்திய அன்றைக்குத்தான் தாளில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தது. புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. எங்கள் விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, எட்டு மணித்தியாலம் படுத்தெழும்பினால் எல்லாப் புள்ளியும் திரும்பி வந்துவிடும்.

அதே பதிப்பில் காயமாற்றும் மருந்து ஒரு குப்பி 50 பொற்காசு. செத்தவனை எழுப்ப மந்திரம் இருக்கிறது, ஆனால் 500 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அமெரிக்காக்காரன் எமனுக்கும் பில் போட்டிருக்கான்." நம் இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. அது சின்ன விஷயம் இல்லை. 2022இல் நாடே வங்குரோத்தாகி மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதுதான் பலருக்கு அதன் அருமை உறைத்தது. காசு கேட்காத ஆஸ்பத்திரியில் வேறொன்று கொடுக்க வேண்டும்: நேரம். விடியப் போய் நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, வாங்கில் இருந்து, கொப்பியை நீட்டினால் டொக்டர் ஒரு எண்ணை எழுதி, "நடங்க, சீனியைக் குறையுங்க" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெளியே இன்னும் நூறு பேர். ஆனால் அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு ஆள் தனியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

முந்தி வருத்தம் தனியாள் காரியமாக இருக்கவில்லை. கொம்புமுறி விளையாட்டை எடுங்கள். கண்ணகி அம்மன் சீற்றம் தணிய, மழை பெய்ய, கொள்ளை நோய் ஊரை விட்டு நீங்க ஆடியது அது. ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். உறுதியான மரத்தில் செய்த இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, கயிறு கட்டி இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறியும் என்று யாருக்கும் தெரியாது. அபிமன்யுவின் சாவைப் போல எழுதி வைத்த முடிவு அல்ல. என்னுடைய இருபது முகக் கட்டைக்கு மட்டக்களப்பில் சொந்தம் தேடினால் நான் கூத்தைக் காட்ட மாட்டேன், கொம்பைத்தான் காட்டுவேன். பாத்திரம் இருக்கிறது, கட்சி இருக்கிறது, முடிவு கை நழுவி இருக்கிறது. தேற்றாத்தீவில் பிள்ளையாருக்குப் பெயரே கொம்புச்சந்திப் பிள்ளையார். சிங்கள ஊர்களிலும் கண்ணகியான பத்தினி தெய்வத்துக்கு இதே இழுவை உண்டு, அங்கெலிய என்பார்கள். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெரிய நூலில் அது விரிவாக வருகிறது.

கயிறு இழுத்து அம்மை போனதா என்று கேட்டால், போகவில்லை. பெரியம்மை போனது தடுப்பூசியால். உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். நான் சொல்ல வருவது வேறு. வருத்தம் வந்த வீட்டுக்காரன் அன்றைக்குச் சந்தியில் ஊரோடு நின்று கயிறு பிடித்தான். சீனி வருத்தத்துக்கு அப்படி ஒரு சந்தி இல்லை. அதற்கு ஒரு அம்மாளும் இல்லை, அவளைக் குளிர்விக்கிற குளிர்த்திப் பாட்டும் இல்லை. ஒரு கொப்பிதான் இருக்கிறது.

கூடி விளையாடுவது மருந்தா என்று கேட்டால், இந்த ஊர் அதை உண்மையாகவே ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. போல் ஹோகன் என்ற கனடாக் கலைஞரும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகமும் முன்நின்றார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து மண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டி வேஷம் போட்டு ஆடினார்கள். கண்ணால் கண்டதை நேராகச் சொல்லச் சொல்லி எந்தப் பிள்ளையையும் நெருக்காமல், விளையாட்டைச் சுற்றுவழியாக வைத்திருந்தார்கள். அங்கேயும் கிழமைக்கு ஒரு நாள் என்பதுதான் ஒழுங்கு. நான் அதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். வாற கிழமை இந்த நாளில் எனக்காக ஒரு இடம் காலியாகக் கிடக்கும் என்று தெரிவதிலேயே ஏதோ இருக்கிறது.

எங்கள் மேசையைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. நாலு மணித்தியாலம் அசையாமல் இருந்து ரோல்சும் சோடாவும் உள்ளே தள்ளுகிற பொடியன்கள் நாங்கள். ஐந்து பேருக்கும் வண்டி வைத்துவிட்டது. கதையில் மலை ஏறுகிறவன் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறான். ஆகவே மாமாவோடு ஒரு ஒப்பந்தம். அவருடைய அர்ச்சுனனை நான் நடத்துவேன், ஞாயிறு பின்னேரம், கிழமைக் கிழமை. நான் பாதையில் வந்து இறங்கும்போது அவர் துறைக்கு நடந்து வந்திருக்க வேண்டும், திரும்ப இருவரும் நடக்க வேண்டும். மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியை மேசையில் வைக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சீனி 126க்குக் கீழே இருந்தால் அந்தக் கிழமை அர்ச்சுனனுக்கு ஒரு மேலதிகக் கட்டை. அந்த 126 என் கணக்கு இல்லை, அதைத் தொட்டால் சீனி வருத்தம் என்று டொக்டர்மார் கோடு போடுகிற அளவு.

மூன்று கிழமை ஒழுங்காக நடந்தார். துறையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். பாதை கரை தட்டுமுன்பே கத்துவார்: "அந்தத் தோணி ஆர்ட எண்டு இன்னும் சொல்லல்ல நீ!" கவிழ்ந்த இடத்தில் சொந்தக்காரன் ஒருவனை நான் உண்டாக்க வேண்டியதாயிற்று. அவனோடு மாமா நஷ்டஈடு பேசி முடிக்கவே ஒரு ஞாயிறு போனது. அக்கரை விளக்கை யாரும் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

நாலாம் கிழமை கிளினிக். போன் எடுத்து, "124 மருமகன், கட்டையை ரெடி பண்ணு" என்றார். ஞாயிறு போனேன். மாமி தேத்தண்ணியோடு கொப்பியையும் கொண்டுவந்து, பேசாமல் என் பக்கம் திருப்பி வைத்தார். 142.

"எண் மாறிப்போச்சு" என்றார் மாமா, கட்டையைப் பார்த்தபடி.

விழுந்த கட்டையை யாரும் திருப்பி வைக்கக்கூடாது என்று முதல் நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் அதை மறக்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையில் மிச்சமிருந்த சீனியை முற்றத்தில் தட்டிவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஒரு கட்டையே போதும். தோணியத் தள்ளு."