ஒரே பானை, ஒரே பந்தி: காசநோயாளியின் குடும்பத்துக்குக் குறைந்த செலவில் நிறைவான உணவு

காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் நாளில் குடும்பத்தினர் தவறாமல் கேட்கும் கேள்வி, "நோயாளிக்கு என்ன சத்துணவு கொடுக்க வேண்டும்?" என்பதே. வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன உண்ண வேண்டும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. தீப்பெட்டி ஆலைக்கோ காட்டு வேலைக்கோ சென்றுவந்தவர் படுத்துவிட்டால் வீட்டு வருமானம் சுருங்கிவிடுகிறது. கையிலிருக்கும் பணத்தில் நோயாளிக்கு முட்டை, பால், கடையில் விற்கும் சத்துமாவு டப்பா ஆகியவற்றை வாங்குகிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் வெறும் சோற்றிலும் ரசத்திலும் நாளைக் கழிக்கிறார்கள். அன்பினால் செய்யும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது.

காசநோய்க் கிருமி காற்றின் வழியே பரவுவது. நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களின் உடலில் அது ஏற்கெனவே புகுந்திருக்கலாம். நல்ல உடல்வலு உள்ளவரிடம் அது பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கும். உணவு குறைந்து உடல் மெலியும்போது நோயெதிர்ப்பு ஆற்றல் தளர்கிறது. அடங்கியிருந்த கிருமி தலைதூக்குகிறது. ஆகவே உணவுக் குறைவினால் அடுத்த நோயாளி அதே வீட்டில் உருவாகக்கூடும்.

ஜார்க்கண்டில் கண்ட உண்மை

ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த 'ரேஷன்ஸ்' என்னும் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும், வீட்டிலிருந்த பிறருக்கும் மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் வைட்டமின் மாத்திரைகளும் கிடைத்தன. சிறுவர்களுக்கு இதில் பாதி அளவு. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய வகை 48 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த பொருள் எதுவும் அந்தப் பையில் இல்லை. அரிசியும் பருப்பும் போதிய அளவில், எல்லோருக்கும் சென்றதே அதன் சிறப்பு.

முருங்கைக்கீரைப் பருப்புச் சோறு (நான்கு பேருக்கு)

ரேஷன் அரிசி 400 கிராம், துவரம் பருப்பு 150 கிராம், வறுத்துப் பொடித்த நிலக்கடலை 50 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உருவிய முருங்கைக்கீரை இரண்டு கை, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கைந்து பல், தக்காளி இரண்டு, மிளகாய் வற்றல், கடுகு, மஞ்சள்தூள், உப்பு.

அரிசியையும் பருப்பையும் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறினால் விரைவில் வேகும், எரிவாயுவும் மிச்சமாகும். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, மிளகாய் வற்றல் தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்குங்கள். அரிசி, பருப்பு, மஞ்சள்தூள், உப்புச் சேர்த்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி நான்கு விசில் விடுங்கள். குக்கரைத் திறந்தபின் கீரையைக் கிளறிவிட்டு, சிறு தீயில் மூன்று நிமிடம் மூடி வையுங்கள். இறக்கும்போது கடலைப்பொடியைத் தூவுங்கள். உண்ணும்போது எலுமிச்சைச் சாறு சில துளிகள் பிழிந்துகொண்டால் கீரையிலுள்ள இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும்; ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

இந்தச் சோறு ஒருவருக்குச் சுமார் 600 கலோரியும் 19 கிராம் புரதமும் தரும். கஞ்சி வடிக்காததால் நீரில் கரையும் வைட்டமின்களும் வீணாகா. அரிசியில் குறைவாக உள்ள புரதக் கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே பானையில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

பணத்துக்கு என்ன வழி?

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றியும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அந்த ஒரு கிலோ பருப்பிலுள்ள புரதம், முப்பது முட்டைகளின் புரதத்துக்குக் குறையாதது. நாள்தோறும் ஒரு வேளை மேற்சொன்ன சோறு சமைக்க மாதம் நாலரைக் கிலோ பருப்பு வேண்டும். ரேஷன் பருப்பு போக மீதியை வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும். காசநோயாளிகளுக்கு 'நிக்ஷய் போஷண்' திட்டத்தின் கீழ் சிகிச்சைக்காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. வங்கிக் கணக்கு விவரம் பதிவாகியிருக்கிறதா என்று காசநோய்ப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பணம் சத்துமாவு டப்பாவுக்குப் போகாமல் பருப்புக்கும் முட்டைக்கும் போகட்டும்.

நம் கரிசல் மண்ணின் விளைச்சலும் கைகொடுக்கும். மானாவாரி உளுந்தும் பாசிப்பயறும் தை, மாசியில் களத்துக்கு வரும்போது தெரிந்த சம்சாரிகளிடம் மொத்தமாக வாங்கி, வெயிலில் காயவைத்துச் சேமிக்கலாம். துவரைக்குப் பதில் பாசிப்பருப்பிலும் இதே சோறு சமைக்கலாம். காணத் துவையல் மலிவான புரதம். நூறு கிராம் கம்பில் சுமார் 11 கிராம் புரதம் உண்டு. தீட்டிய அரிசியில் 8 கிராம்தான். இரவு மிஞ்சிய கம்பஞ்சோற்றை ஊறவைத்து, காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்துடன் குடித்தால் பசி நெடுநேரம் தாங்கும்.

பள்ளி செல்லும் பிள்ளைகள் சத்துணவை விடாமல் உண்ணட்டும். 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது நமக்கு அடுத்துள்ள எட்டயபுரத்தில்தான்.

தனித்தட்டு வேண்டாம்

தட்டு, தம்ளர், உணவு ஆகியவற்றால் காசநோய் பரவுவதில்லை. நோயாளியைத் தனித்தட்டில், தனி மூலையில் உண்ண வைப்பதால் அவருடைய மனமும் பசியும் வாடுமேயன்றி வேறு பயனில்லை. இருமும்போது வாயை மூடுவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும், மருந்தை ஒரு நாளும் விடாதிருப்பதுமே பாதுகாப்பு. பசி குறைவாக இருக்கும் நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு முறை கொடுங்கள். முட்டை வாங்க முடிந்தால் மகிழ்ச்சி. அதில் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கட்டும்.

உணவு ஒருபோதும் மருந்துக்கு மாற்றாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, கீரை அளவையும், நீரிழிவு உள்ளவர்கள் சோற்றின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் அதைத் தவிர்க்கவும்.

நோயாளியின் எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறாவிட்டால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவையா என்பதையும் பார்த்துச் சொல்வோம்.