டிரெய்லர் டயர்: தேயும் முன்பே கெட்டுப்போகும் சரக்கு

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களின் வணிகமும் பெரும்பாலும் டிராக்டருக்குப் பின்னால் ஓடும் டிரெய்லரின் மேல்தான் ஏறி வருகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு வரும் நெல், மணிலா, உளுந்து, எள், முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குப் போகும் கரும்பு, மரக்காணத்திலிருந்து வரும் உப்பு, நம் கடைகளிலிருந்து கிராமங்களுக்குப் போகும் உரம், சிமெண்ட், தீவனம் ஆகிய எல்லாவற்றிலும் டிரெய்லருக்குப் பங்கு உண்டு. சொந்தமாக டிரெய்லர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் சிலர். வாடகைக்கு அமர்த்துபவர்கள் மிகப் பலர்.

அறுவடைக் காலம் வந்தால் நம் காதில் அடிக்கடி விழும் செய்தி ஒன்று உண்டு. "லோடு வழியில் நிற்கிறது, டயர் வெடித்துவிட்டது" என்பதே அது. காலை ஏலத்திற்கு வர வேண்டிய மூட்டை மாலையில் வருகிறது. மழை நாளாக இருந்தால் நனைந்தும் வருகிறது. திண்டிவனம்-விழுப்புரம் நெடுஞ்சாலையில் இரவில் நின்றுபோன டிரெய்லர் பின்னால் வரும் பேருந்துக்கும் லாரிக்கும் எமனாகிவிடும். வெடித்த டயரை எடுத்துப் பார்த்தால் பல சமயம் வரிகள் ஆழமாகவே இருக்கும். "புது டயர் மாதிரி இருந்ததே, எப்படிப் போயிற்று?" என்று எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிரெய்லர் டயர் ஏன் தனி ரகம்?

லாரி டயர் ஓடி ஓடித் தேய்கிறது. ஓட்டுநர் வரிகளைப் பார்த்தே மாற்ற வேண்டிய நேரத்தை அறிகிறார். டிரெய்லர் டயரின் கதை வேறு. அது ஆண்டில் சில மாதங்கள் கடுமையாக உழைக்கும். மற்ற மாதங்களில் களத்து மேட்டிலோ மண்டிக்குப் பின்புறமோ வெயிலில் நிற்கும். ரப்பருக்கு வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் பகை. ஓடும் டயரில் ரப்பர் வளைந்து கொடுக்கும்போது, அதில் கலந்துள்ள காப்புப் பொருள்கள் மேற்பரப்புக்கு வந்து அதைக் காக்கின்றன. நின்றே கிடக்கும் டயருக்கு இந்தக் காப்பு குறைவு. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். உள்ளே ரப்பருக்கும் நைலான் நூலுக்கும் இடையிலான பிடிப்பு தளரும். வரி அப்படியே இருக்கும், வலு போயிருக்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் சக்கரம் வைத்த சிறு வீட்டையே இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுலா போகும் வழக்கம் உண்டு. அந்த வண்டிகளும் ஆண்டில் பெரும்பகுதி வாசலில் நின்று, சில வாரங்கள் மட்டும் முழுச் சுமையோடு ஓடுகின்றன. அங்கும் இதே புகார்தான்: வரி தேயவில்லை, டயர் பிய்ந்துவிட்டது. டிரெய்லருக்கென்றே தனி எழுத்துக் குறியோடு டயர் செய்யும் நாட்டிலேயே, தேய்மானத்தைப் பார்க்காமல் வயதைப் பார்த்து மாற்றுங்கள் என்று சொல்லப்படுகிறது. நாமும் இதை விதியாகக் கொள்வது நல்லது.

பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

நாம் அரிசி வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கிறோம், பருப்பு வாங்கினால் கடித்துப் பார்க்கிறோம். டயர் வாங்கும்போது மட்டும் கருப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். டயர் தன் ஜாதகத்தைத் தன் பக்கச் சுவரிலேயே வைத்திருக்கிறது. பார்க்க வேண்டியவை நான்கு.

1. அளவு: 7.50-16, 9.00-16 என்பது போல் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலக் கணக்கு.

2. பிளை ரேட்டிங்: 12 பி.ஆர்., 16 பி.ஆர். என்று இருக்கும். இது டயரின் தாங்கும் வலுவைக் குறிக்கும். அளவு ஒன்றாகவே இருந்தாலும் பி.ஆர். குறைந்தால் தாங்கும் சுமையும் குறையும். விலை குறைவாகச் சொல்லப்படும் டயரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

3. பிறந்த தேதி: பெரும்பாலான டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று சிறிய கட்டத்துக்குள் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். 2000-க்கு முந்தைய டயர்களில் மூன்று இலக்கமே இருந்தது. மூன்று இலக்க எண்ணோடு ஒரு டயர் இன்றும் கண்ணில் பட்டால் அதற்கு வயது 25-க்கு மேல் ஆகிவிட்டது.

4. வேகக் குறி: விவசாய டயர்களில் ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40 கிலோமீட்டர். டிராக்டருக்கு இது போதும். ஆனால் கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் நண்பர்கள் ஜெனரேட்டர் டிரெய்லரை வேனுக்குப் பின்னால் கட்டி 60, 70-இல் இழுத்துப் போகிறார்கள். டயருக்கு விதித்த வேகத்தைப் போல் இரண்டு மடங்கில் ஓடினால் அது சூடேறி வெடிப்பதில் வியப்பில்லை.

ஏ.டி.வி. என்று போட்ட டயர்களையும் கவனிக்க வேண்டும். 6.00-19, 7.00-19 போன்ற அளவுகளில் வரும் இவை மாட்டு வண்டிக்கென்றே செய்யப்பட்டவை. நம் பக்கத்தில் 'டயர் வண்டி' என்று சொல்வது இவற்றின் மேல் ஓடும் வண்டியைத்தான். மாட்டின் நடைக்கு அவை நல்ல டயர்கள். டிராக்டர் இழுக்கும் டிரெய்லருக்கு அவை ஆகா.

மூட்டைக் கணக்கும் டயர்க் கணக்கும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெல் மூட்டை 75 கிலோ. நான்கு சக்கர டிரெய்லரில் 80 மூட்டை ஏற்றினால் 6,000 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 1,500 கிலோ என்று கொண்டால் மொத்தம் 7,500 கிலோ. ஒரு டயருக்கு 1,875 கிலோ. அதே வண்டியில் "இன்னும் 30 மூட்டைதானே" என்று 110 மூட்டை ஏற்றினால் மொத்தம் 9,750 கிலோ. ஒரு டயருக்கு 2,437 கிலோவுக்கு மேல், அதாவது 30 சதவீதம் கூடுதல். இதுவும் சுமை நான்கு டயருக்கும் சமமாக விழுந்தால்தான். சாலை ஓரம் சரிந்திருந்தாலோ, மூட்டையை ஒரு பக்கமாக அடுக்கினாலோ, ஒரு டயர் மட்டும் இதைவிட அதிகம் சுமக்கும்.

இந்த 30 மூட்டையை ஏற்றச் சொல்பவர் யார்? நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால், அதே வாடகையில் கூடுதல் மூட்டை போகட்டும் என்று வணிகர் நினைக்கிறார். மூட்டைக்கு இவ்வளவு என்று பேசினால், ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று வண்டிக்காரர் நினைக்கிறார். இரண்டு வகையிலும் சுமையைத் தாங்குவது டயர்தான். வாடகை பேசும்போதே "இத்தனை மூட்டைக்கு மேல் இல்லை" என்று சேர்த்துப் பேசிவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

காற்று

டயர் சுமையைத் தாங்குவது ரப்பரால் அல்ல, உள்ளே இருக்கும் காற்றால். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. வளைவதால் சூடு, சூட்டால் பிடிப்புத் தளர்ச்சி, பிறகு வெடிப்பு. 2000 ஆகஸ்டில் பயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஓடும்போதே மேல்பட்டை கழன்று வந்த அந்த விவகாரத்தில், டயரின் அமைப்பு, தயாரிப்பு ஆகியவற்றோடு காற்றழுத்தம், சூடு, சுமை ஆகியவையும் பெரிதாக விவாதிக்கப்பட்டன. கார்களின் டயருக்கே இந்த நிலை என்றால், சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் ஊரும் நம் டிரெய்லர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

நின்ற வண்டியிலும் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் நின்ற டிரெய்லரில் காற்றைப் பார்க்காமல் லோடு ஏற்றக் கூடாது. காலால் உதைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. பஞ்சர் கடையில் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்குவது பெருந்தவறு.

கடைத்தெருவில் கிடைப்பவை

புது டயர், ரீட்ரெட் செய்த டயர், பழைய லாரி டயர், புதிது போல் ஆக்கிய மொட்டை டயர் என நான்கு வகை விற்பனைக்கு வருகின்றன.

கார், லாரி, இருசக்கர வண்டி டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2009-இல் கொண்டுவந்தது. லாரி ரக டயரைப் புதிதாக வாங்கி டிரெய்லருக்குப் போடுகிறவர்கள் முத்திரையைப் பார்த்தே வாங்க வேண்டும். ரீட்ரெட் டயரை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. உள்ளுடல் நல்லதாக, வயது குறைந்ததாக இருந்தால் அது நன்றாகவே உழைக்கும். மேலே ஒட்டிய ரப்பர் புதிது, அடியில் உள்ள உடல் பழையது என்பதை மறக்காமல், பக்கச் சுவரின் தேதியைப் பார்த்தே விலை பேச வேண்டும்.

பழைய லாரி டயர் வாங்குவோர் உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்க்கட்டும். நூல் பிரிந்திருந்தாலோ ஒட்டுப் போட்டிருந்தாலோ கைக்குத் தெரியும். நான்காவது வகையை மட்டும் தொடவே வேண்டாம். மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிய வரிகளை வெட்டி, கருப்புப் பூசிப் பளபளப்பாக்கி விற்பது அது. அந்த வெட்டு நூல் வரை போயிருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் தவிர மற்றவற்றுக்கு வரியின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வரிக்குள் சிறு மேடுகளாக இருக்கும் தேய்மானக் குறிகளோடு மேல்பரப்பு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். வெட்டிய வரியில் அந்தக் குறி இராது. ஏமாற்றைக் கண்டுபிடிக்க இதுவே எளிய வழி.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே அச்சில் ஒரே அளவு, ஒரே பி.ஆர்., ஒரே ரக டயர்களையே போட வேண்டும். ஒரு பக்கம் நைலான், மறு பக்கம் ரேடியல் என்று போட்டால் இரண்டும் இரு விதமாக வளைந்து, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஒரு டயர் வெடித்தால் அதன் ஜோடியையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டியின் சுமை முழுவதும் மீதி டயர்கள் மேல் விழுந்திருக்கும். வெளியே தெரியாத காயத்தோடு ஓடும் அந்த டயர்தான் அடுத்த வாரம் வெடிக்கிறது.

புது டயருக்குப் பழைய டியூப் போடாதீர்கள். விரிந்துபோன டியூப் உள்ளே மடிந்து, மடிப்பில் அறுபடும். பிளாப்பையும் சேர்த்து மாற்றுவது நல்லது. உப்பும் உரமும் ஏற்றும் வண்டிகளில் ரிம் துருப்பிடித்து, துருச் செதில் டியூபைக் கிழிக்கும். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரால் கழுவி, டயர் மாற்றும்போது ரிம்மைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் இந்தச் செலவு மிஞ்சும்.

சீசன் முடிந்ததும் அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து, டயரில் சுமை இல்லாமல் நிறுத்தி, சாக்கையோ தார்ப்பாயையோ போட்டு மூடி வைக்கலாம். செய்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு ஆன டயரை ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் கழற்றிப் பார்ப்பதும், பக்கச் சுவரில் வெடிப்புக் கண்டால் வரி எவ்வளவு இருந்தாலும் மாற்றுவதும் நலம்.

பில் இல்லையேல் கிளைம் இல்லை

டயர் சீக்கிரம் கெட்டால் கம்பெனியிடம் கிளைம் செய்யலாம். ஆனால் தயாரிப்புக் குறைக்குத்தான் ஈடு கிடைக்கும். அதிகச் சுமை, காற்றில்லாமல் ஓட்டியது, கல் வெட்டு ஆகியவற்றுக்குக் கிடைக்காது. கிடைக்கும் ஈடும் பெரும்பாலும் மீதமுள்ள வரியின் அளவைப் பொறுத்ததே. டயரின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயர்களுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. வரிக்கு அஞ்சிப் பில் இல்லாமல் வாங்கும் பழக்கத்தை இனியாவது விட்டுவிடலாம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்திற்கு வாங்கிய பொருளைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஒரே டிரெய்லரை வைத்துப் பிழைக்கும் வண்டிக்காரர் பில்லோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியும் என்பதை அவருக்கு நாம் எடுத்துச் சொல்லலாம்.

டயர் விற்கும் உறுப்பினர்களுக்கு

முதலில் வந்த டயரை முதலில் விற்றுவிடுங்கள். மொட்டை மாடியிலும் கடை வாசல் வெயிலிலும் அடுக்காதீர்கள். டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் படும் இடத்திலும், ஓசோன் உண்டாக்கும் மின் மோட்டார், வெல்டிங் பட்டறை அருகிலும் வைக்க வேண்டாம். பழைய ஸ்டாக் இருந்தால் தேதியைச் சொல்லி விலை குறைத்து விற்பதில் இழுக்கில்லை. தேதியை மறைத்து விற்றால் வாடிக்கையாளர் ஒரு முறைதான் வருவார். கழித்த டயர்களைத் திறந்த வெளியில் போட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். மறுசுழற்சி செய்பவர்களிடம் அவ்வப்போது கொடுத்துவிடுங்கள்.

முடிவாக, நாம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். சம்பா அறுவடைக்கு முன், தம் மண்டிக்கு வழக்கமாக வரும் டிரெய்லர்களின் டயர்த் தேதி, பி.ஆர்., காற்று ஆகிய மூன்றையும் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். டயர் மாற்றப் பணமில்லாத வண்டிக்காரருக்கு வாடகையில் கழித்துக்கொள்ளும்படி முன்பணம் கொடுத்தாலும் நமக்கு நட்டமில்லை. ஒரு லோடு நனைந்தால் போகும் பணத்தை நாம் அறிவோம். மூட்டைமேல் உட்கார்ந்து வரும் சுமைதூக்கும் தொழிலாளிக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் அதை எந்தக் கணக்கில் எழுத முடியும்?